லான்ஸ் கோப்ரலில் வரும் ‘லான்ஸ்’ என்ன? படத்துக்குக் கீழே தமிழில் எப்படி எழுதுவது?

கித்தாக்காடு

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட மண்டபத்தில் ஜூலை 31 வீரர் நாளுக்குப் பழைய படைவீரர் படங்கள் மாட்டுகிறார்கள். மொத்தம் 14 படம். ஒவ்வொன்றுக்கும் மலாயிலும் தமிழிலும் குறிப்பு வேண்டும். மலாய்க்குப் பிரச்சினை இல்லை, பதவிப் பெயரை அப்படியே போட்டுவிடலாம். தமிழில்தான் தடுமாற்றம்.

சில படங்களின் பின்னால் ‘லான்ஸ் கோப்ரல்’ என்று இருக்கிறது. இரண்டில் ‘லான்ஸ் நாயக்’. ஒன்றில் பெயரும் இல்லை, பதவியும் இல்லை, சட்டைக் கையில் ஒரே ஒரு கோடு. இந்த ‘லான்ஸ்’ என்பதற்குப் பொருள் என்ன, தமிழில் என்ன எழுதலாம், அந்த ஒற்றைக் கோட்டை வைத்துப் பதவி சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுங்கைக்கரை

லான்ஸ்னா ஈட்டி. குதிரை மேல ஈட்டி தூக்கிட்டுப் போன காலத்துப் பதவி. ‘ஈட்டிப்படைக் கோப்ரல்’னு போடுங்க, முடிஞ்சது.

பழஞ்சொல்

சுங்கைக்கரை தம்பி, ஈட்டி என்பது சரி. ஆனால் அது முறிந்த ஈட்டி.

வேர் இத்தாலி மொழியில் இருக்கிறது: ‘லான்சியா ஸ்பெட்சாட்டா’, அதாவது ஒடிந்த ஈட்டி. அது பிரெஞ்சுக்குப் போய் ‘லான்ஸ்பெஸாட்’ ஆனது, ஆங்கிலத்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ‘லான்ஸ்பெசேட்’, ‘லான்ஸ்பிரசாடோ’ என்று பல கோலத்தில் எழுதினார்கள். பிரெஞ்சில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. முதலில் இருந்த ‘ல’ ஒலியைச் சொல்லின் பகுதி என்று நினைக்காமல் முன்னொட்டு என்று எண்ணி வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது ‘அன்ஸ்பெஸாட்’. நம் நாரத்தையின் உறவுச்சொல் மேற்கே போகப் போக முதல் ‘ந’வைத் தொலைத்து ஆரஞ்சு ஆனதே, அந்த மாதிரிதான்.

ஈட்டி ஏன் ஒடிந்தது என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. பலரும் சொல்வது: போரில் ஈட்டி முறியும் அளவுக்குச் சண்டை போட்ட அனுபவசாலி. இதோடு ஒட்டி, குதிரையை இழந்த குதிரைவீரன் தற்காலிகமாகக் காலாட்படையில் சேர்ந்து, சாதாரணச் சிப்பாயைவிடக் கூடுதல் சம்பளத்தோடு கோப்ரலுக்கு உதவியாக நின்றான் என்பார்கள்.

இரண்டாவதுதான் எனக்கு வலுவாகப் படுகிறது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ‘ஈட்டி’ என்பது ஆயுதத்துக்கு மட்டுமல்ல, ஒரு சிறு குழுவுக்கும் பெயர். கவசம் போட்ட ஒரு வீரன், அவனுக்கு உதவியாள், ஏவலாள், குதிரைகள் எல்லாம் சேர்ந்தது ஓர் ஈட்டி. கூலிப்படைத் தலைவன் செத்தாலோ ஒப்பந்தம் முறிந்தாலோ அந்தக் குழு சிதறும். சிதறியவர்களை வெனிஸ், மிலான் அரசுகள் நேரடியாகத் தங்கள் சம்பளத்தில் எடுத்துக்கொண்டன. தலைவன் இல்லாத, ஆனால் தேர்ந்த தனி வீரர்கள். ஒடிந்தது மரக்கம்பு இல்லை, குழு.

எப்படிப் பார்த்தாலும் கடைசியில் ஆங்கிலத்தில் ‘லான்ஸ்’ என்ற துண்டு மட்டும் மிஞ்சி, ‘இந்தப் பதவிக்கு ஒரு படி கீழே நின்று அதன் வேலையைப் பார்ப்பவர்’ என்ற பொருளுக்கு வந்துவிட்டது. அதனால்தான் லான்ஸ் சார்ஜண்ட் என்றும் ஒன்று இருந்தது. ஈட்டிப்படை என்று எழுதினால் அத்தனையும் தப்பாகப் போகும்.

சுங்கைக்கரை

சரி ஐயா, ஒத்துக்கிறேன். அப்போ கோப்ரல்? அது ‘கோர்’ என்ற படைப்பிரிவிலிருந்து வந்ததுதானே?

பழஞ்சொல்

அப்படி நினைத்துத்தான் எழுத்தே மாறியது. மூலம் இத்தாலியின் ‘கப்போராலே’. ‘கப்போ’ என்றால் தலை, தலைவன். பிரெஞ்சில் இன்றும் ‘கப்பரால்’தான். உடல், படைப்பிரிவு என்ற பொருளுள்ள ‘கோர்’ சொல்லோடு குழம்பி ஆங்கிலத்தில் ‘கோ’ ஒட்டிக்கொண்டது. நாம் மலாயிலிருந்து எடுத்த ‘கோப்பரால்’ அந்தக் குழப்பத்தின் பேரன்.

துருக்கியில் இதே பதவிக்கு ‘ஒன்பாஷி’. ‘ஒன்’ என்றால் பத்து, ‘பாஷ்’ என்றால் தலை. பத்துப்பேர்த் தலைவன். நேரடியான பெயர், யாரும் குழம்ப வேண்டியதில்லை.

லயத்துவாசல்

ஐயா சொன்ன கப்போராலே பற்றி ஒன்று சேர்க்கிறேன். இத்தாலியில் அந்தச் சொல்லுக்குப் பட்டாளத்துக்கு வெளியேயும் ஓர் ஆள் உண்டு. தக்காளி, திராட்சைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் திரட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், அவர்கள் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்பவனும் ‘கப்போராலே’தான். அந்த முறைக்கே ‘கப்போரலாத்தோ’ என்று பெயர். 2016இல் அதற்கு எதிராக 199ஆம் எண் சட்டம் போட்டார்கள்.

இது நமக்குத் தெரியாத ஆளா? கங்காணிதான்! ஊரிலிருந்து ஆள் கட்டி வந்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, வேலையிலும் மேலே நின்றவர். 1938இல் இந்தியா தடை போட்ட பிறகு ஆள் கட்டும் வேலை போனது, மேற்பார்வை மட்டும் நின்றது. கோப்ரலைப் பெரிய கங்காணி என்று வைத்தால், கத்தியும் கையுமாகத் தானும் ரப்பர் மர நிரையில் இறங்கி, மற்றவனையும் பார்த்துக்கொள்ளும் சின்னக் கங்காணிதான் லான்ஸ் கோப்ரல்.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பதை இன்றும் பெரியவர்கள் ‘பெரட்டு’ என்பார்கள். ‘பரேட்’தான் அது. பட்டாளத்துச் சொல் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குள்ளே எப்போதோ வந்துவிட்டது.

மீசைவாத்தி

நல்ல ஒப்பீடு. ஹிட்லரும் முதல் உலகப்போரில் கோப்ரல்தானே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரும்புத்தொப்பி

சார், அது மொழிபெயர்ப்பில் வந்த பிழை. அவர் பதவி ‘கெஃப்ரைட்டர்’. பொருள் ‘விலக்குப் பெற்றவன்’. எதிலிருந்து விலக்கு? இரவுக் காவல் நிற்பதிலிருந்து. நாள்பட்ட சிப்பாய்க்குக் கொடுத்த சலுகை, அவ்வளவுதான். கீழே ஆள் கிடையாது, கட்டளையிடும் அதிகாரம் கிடையாது. ரஷ்யாவின் ‘யெஃப்ரெய்ட்டர்’ அதே சொல்தான்.

லான்ஸ் கோப்ரல் வேறு மாதிரி. அவனுக்கு ஆள் உண்டு. இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் காலாட்படையில் ஒரு செக்‌ஷனுக்குப் பத்துப் பேர். தலைவன் கோப்ரல். அதிலேயே பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கிக் குழு மூன்று பேர்: சுடுபவன், உதவியாள், இவர்களுக்கு மேலே லான்ஸ் கோப்ரல். கோப்ரல் மீதிப் பேரைக் கூட்டிக்கொண்டு முன்னேறும்போது, பிரெனை எங்கே வைப்பது, எப்போது சுடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் லான்ஸ் கோப்ரல் பாடு. கோப்ரல் விழுந்தால் செக்‌ஷனே இவன் கையில்.

இந்தப் பதவி கையால் செய்யும் வேலை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பிரென் மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், 30 தோட்டா கொள்ளும். நிரப்புவது 28தான், சுருள்வில்லைத் திணறடிக்கக் கூடாது. அந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டு இருக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் போடும்போது அதன் விளிம்பு, கீழே இருக்கும் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் மேல் தோட்டா முன்னே போகும்போது கீழ் விளிம்பில் மாட்டி நிற்கும். துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். இருட்டில், மழையில், அவசரத்தில் நிரப்பினால் நடக்கும் தப்பு இதுதான். இதைப் பார்த்துப் பிடிப்பவன் லான்ஸ் கோப்ரல். கெஃப்ரைட்டருக்கு இந்தப் பொறுப்பெல்லாம் இல்லை.

நெப்போலியனை ‘குட்டிக் கோப்ரல்’ என்றதையும் அடுத்து யாராவது கொண்டுவருவீர்கள். 1796 லோடி சண்டையை ஒட்டி வந்த செல்லப்பெயர் அது. அவர் ஒருநாளும் கோப்ரலாக இருந்ததில்லை, நேரே பீரங்கிப்படை அதிகாரியாகச் சேர்ந்தவர்.

மீசைவாத்தி

சரி, நெப்போலியனை விட்டுவிட்டேன். 😀 ஒரு சந்தேகம்: இது பதவியா, பொறுப்பா?

இரும்புத்தொப்பி

பிரிட்டிஷ் படையில் ரொம்ப நாள் பொறுப்புதான். ஆளின் உண்மைப் பதவி பிரைவேட், அதாவது சாதாரணச் சிப்பாய். படைப்பிரிவுத் தலைவர் ஒரு கோடு கொடுப்பார், சரியில்லை என்றால் பெரிய விசாரணை இல்லாமல் பிடுங்கிக்கொள்வார். முழுக் கோப்ரலிடமிருந்து அப்படிச் சுலபமாக எடுக்க முடியாது. முதல் உலகப்போர் காலத்தில் ‘சம்பளமில்லா லான்ஸ் கோப்ரல்’ என்றே ஓர் இனம் இருந்தது. கோடு உண்டு, வேலை உண்டு, கூடுதல் காசு கிடையாது. நெப்போலியன் போர்க்காலத்தில் இதற்கு முன்னோடியாக ‘தேர்ந்த ஆள்’ என்றொரு பெயர் இருந்தது.

இங்கே நம் நாட்டில் இது முறையான பதவி. தரைப்படையில் பிரெபெட், லான்ஸ் கோப்பரால், கோப்பரால், சார்ஜான், ஸ்டாஃப் சார்ஜான் என்று ஏறும். போலீசில் கான்ஸ்டபிளுக்கு அடுத்த படி. 1933 மார்ச் 1ஆம் தேதி போர்ட் டிக்சனில் 25 பேரோடு மலாய் ரெஜிமெண்டின் சோதனைக் கம்பெனி தொடங்கியபோது எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் அமைப்பு. பெயர்கள் மலாய் எழுத்துக்கு மாறின, படிகள் அப்படியே நின்றன. இந்தோனேசியாவில் பாருங்கள், டச்சு வழி, ‘கொப்ரால் டுவா’, ‘கொப்ரால் சத்து’ என்று இரண்டு, ஒன்று எனப் பிரிப்பார்கள். லான்ஸே கிடையாது.

கித்தாக்காடு

அண்ணே, ரொம்ப நன்றி. அந்த லான்ஸ் நாயக்?

பழஞ்சொல்

அது இந்தியப் படை. நாயக் என்றால் கோப்ரல், ஹவில்தார் என்றால் சார்ஜண்ட், கீழே சிப்பாய். நாயக் நமக்குப் புதிது இல்லை, நாயகன், நாயக்கர் எல்லாம் ஒரே வேர். ஹவில்தார் அரபு, பாரசீகம் கலந்தது: ‘ஹவாலா’ என்றால் ஒப்படைத்தல், ‘தார்’ என்றால் வைத்திருப்பவர். ஆக, ‘லான்ஸ் நாயக்’ என்ற இரண்டு சொல்லில் பாதி இத்தாலி, பாதி சமஸ்கிருதம்.

குதிரைப்படையில் இந்தப் பெயர்கள் இல்லை, ஹவில்தாருக்குச் சமம் தஃபேதார், நாயக்குக்குச் சமம் லான்ஸ் தஃபேதார். தமிழ்நாட்டில் கலெக்டர் ஆபீசில் டவாலி போட்டு நிற்கும் தபேதார் அந்தச் சொல்லின் மிச்சம்.

உங்கள் படத்தில் லான்ஸ் நாயக் என்று இருந்தால் அதை லான்ஸ் கோப்ரல் என்று மாற்றாதீர்கள். எந்தப் படையில் இருந்தார் என்பதற்கு அந்தச் சொல் ஒன்றே சாட்சி.

இரும்புத்தொப்பி

பெயரில்லாப் படத்துக்கு வருகிறேன். கோடுகளைப் பார்க்கும் முறை:

பிரிட்டிஷ் படையில் 1802இல் கோடு முறை வந்தது. மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, ‘வி’ போல முனை கீழே பார்க்கும். மூன்று சார்ஜண்ட், இரண்டு கோப்ரல், ஒன்று லான்ஸ் கோப்ரல் அல்லது லான்ஸ் நாயக். அமெரிக்கப் படையில் முனை மேலே பார்க்கும்.

முதல் பொறி: கோடு இடது கையின் கீழே, மணிக்கட்டுப் பக்கம், முனை மேல்நோக்கி இருந்தால் அது பதவியே இல்லை. நன்னடத்தைக் கோடு. நாள்பட்ட பிரைவேட்டும் அதைப் போட்டிருப்பான்.

இரண்டாவது: பிரிட்டிஷ் காலாட் கார்ட்ஸ் என்ற அரசக் காவல் பிரிவுகளில் லான்ஸ் கோப்ரலுக்கே இரண்டு கோடு. அவர்களிடம் மூன்று கோடு போட்ட லான்ஸ் சார்ஜண்டும் உண்டு. மற்றப் படைகளில் லான்ஸ் சார்ஜண்டை 1946இல் எடுத்துவிட்டார்கள், இவர்கள் விடவில்லை. 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தபோது கார்ட்ஸ் பிரிகேட் மலாயாவுக்கு வந்தது. அதனால் அந்தக் காலத்துப் பேராக் படம் ஒன்றில் இரண்டு கோடு பார்த்தவுடன் கோப்ரல் என்று எழுதிவிடாதீர்கள், தொப்பிச் சின்னத்தைப் பாருங்கள்.

மூன்றாவது: பீரங்கிப்படையில் கோப்ரல் கிடையாது, பொம்பார்டியர். ஒரு கோடு லான்ஸ் பொம்பார்டியர்.

நான்காவது, பிரெஞ்சுக் குதிரைப்படையில் கோப்ரலுக்குப் பெயர் ‘பிரிகேடியர்’. நம் பிரிகேடியர் ஜெனரலோடு சேர்த்துவிட்டால் வேடிக்கை.

லயத்துவாசல்

கல்லறைக் கல்லிலிருந்து பெயர் சரிபார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தைப்பிங் போர்க் கல்லறையில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கற்களில் பதவி முழுச் சொல்லாகவே வெட்டியிருக்கும். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, தேதி என்று வரிசை. அந்த ஆணையத்தின் இரண்டாம் போர்க் கணக்கு 1947 டிசம்பர் 31 வரைதான். நம் ஊரில் 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைகள் சுடப்பட்டதிலிருந்து தொடங்கிய அவசரகாலம் அதற்குள் வராது. அந்தக் காலத்து ஆட்களை பத்து காஜா ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக் கல்லறையில் தேட வேண்டும். துரைமார், போலீஸ், சிப்பாய் எல்லாம் அங்கே கலந்து கிடக்கிறார்கள். ஒரே பட்டியலில் தேடிவிட்டு ‘ஆளே இல்லை’ என்று எழுதக் கூடாது.

ஊசிநூல்

மண்டபத்தில் பள்ளிக் கேடட் பிள்ளைகளையும் நிறுத்துவீர்கள்தானே? கோடு தைப்பதில்தான் அத்தனை பேரும் சொதப்புகிறார்கள். தைக்கும் முறை சொல்கிறேன்.

கோட்டுத் துணியை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுக் காயவையுங்கள். பருத்தி நாடா சுருங்கும். முன்பே சுருங்க விடாமல் தைத்தால் முதல் சலவையில் சட்டைக் கை சுருக்கு விழும். சாயம் ஒட்டுமா என்பதும் அப்போதே தெரியும்.

சட்டைக் கையைத் தட்டையாக விரித்து, அக்குள் தையல் ஒரு ஓரத்தில் வரும்படி வையுங்கள். எதிர் ஓரத்தின் மடிப்புதான் கையின் வெளி நடு. அதில் இஸ்திரி போட்டு ஒரு கோடு எடுங்கள். ‘வி’யின் முனை அந்த மடிப்பின் மேலேயே உட்கார வேண்டும். இரண்டு மேல் நுனியிலிருந்தும் மடிப்புக்கு உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தோளிலிருந்து எவ்வளவு இறக்குவது என்பதை அணி ஆசிரியரிடம் கேட்டு எல்லாருக்கும் ஒரே அளவு வையுங்கள்.

நேரே மெஷினில் போடாதீர்கள். கையால் ஓட்டுத்தையல் போட்டு, பிள்ளைக்கு மாட்டி, கையை மடக்கச் சொல்லுங்கள். இழுத்தால் பிரித்து மீண்டும். பிறகு ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே மெஷின் தையல். முனை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கியபடியே நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். ஊசியைத் தூக்கித் திருப்பினால் முனை மொட்டையாகும்.

கையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவது இன்னொரு தப்பு. உள்ளே ஒரு அட்டையைச் செருகிக்கொண்டால் போதும். இஸ்திரி போட்டால் ஒட்டும் பசைக்கோடு வேண்டாம், வெயிலில் நின்றால் ஓரம் பெயரும்.

இரும்புத்தொப்பி

அக்கா சொன்னதோடு ஒன்று. வெப்பநாட்டுக் காக்கிச் சட்டையில் அந்தக் காலத்தில் வெள்ளை நாடாக் கோட்டைக் கொக்கியிலோ அழுத்துப் பொத்தானிலோ மாட்டி வைத்திருந்தார்கள், சலவைக்குக் கழற்ற. அதனால் ஒரே ஆள் ஒரு படத்தில் கோட்டோடும் இன்னொரு படத்தில் வெறும் கையோடும் இருப்பார். பதவி பறிபோனது என்று கதை கட்ட வேண்டாம்.

மீசைவாத்தி

இப்போது தமிழ்ச் சொல். என் யோசனை ‘துணைக் கோப்ரல்’.

பழஞ்சொல்

துணை என்றால் துணையமைச்சர், துணைத்தலைவர் என்று தலைவரோடு கூட இருந்து உதவுபவர் நினைவுக்கு வருகிறார். இங்கே பொருள் அது இல்லை. பள்ளியில் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனதும் ‘பொறுப்புத் தலைமையாசிரியர்’ என்று ஒருவரை உட்காரவைப்பார்களே, லான்ஸ் பிறந்தபோது அந்தப் பொருள்தான். ஆனால் இன்று அது நிலையான பதவி என்பதால் ‘பொறுப்புக் கோப்ரல்’ என்று எழுதினால் நாளைக்கே வேறொருவர் வருவார் என்று படும்.

மொழிபெயர்க்காமல் விடுங்கள். ‘லான்ஸ் கோப்ரல்’ என்றே எழுதி, முதல் படத்தின் கீழே மட்டும் ஒரு வரி: ‘கோப்ரலுக்கு ஒரு படி கீழே, ஒற்றைக் கோடு’. ஓய்வூதியக் கடிதம், அடையாள ஆவணம் போன்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் குடும்பத்தாருக்கும் அதுதான் வசதி.

லயத்துவாசல்

‘சின்னக் கங்காணி மாதிரி’ என்று அடைப்புக்குள் போட்டால் பாட்டிமாருக்கு உடனே விளங்கும். போடச் சொல்லவில்லை, வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

கித்தாக்காடு

அப்படியே செய்கிறேன். பெயரில்லாப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேற்கையில் ஒற்றைக் கோடு, முனை கீழே. ஆனால் இடது கை. வலது கை கேமராவுக்குத் தெரியவில்லை. நெஞ்சில் பதக்கப் பட்டை ஒன்று, அது வலது பக்கம்.

இரும்புத்தொப்பி

பதக்கம் வலது பக்கமா? சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மூடுகிறது?

கித்தாக்காடு

வலது ஓரம் மேலே வந்து இடது பக்கத்தை மூடுகிறது.

இரும்புத்தொப்பி

ஆண்கள் சட்டையில் இடது ஓரம்தான் மேலே வரும். படைப் பதக்கம் இடது நெஞ்சில். ஸ்கேன் எடுத்தவர் நெகடிவைத் திருப்பிப் போட்டுவிட்டார். படத்தைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள், கோடு வலது கைக்கு வரும். அச்சுக்குப் போகும் முன் மற்ற 13 படத்திலும் பொத்தானைப் பார்த்துவிடுங்கள்.

கித்தாக்காடு

திருப்பிவிட்டேன். தொப்பிச் சின்னத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறித் தெரிந்த எழுத்தும் இப்போது படிக்க வருகிறது. இன்னும் இரண்டு படத்திலும் இதே கோளாறு.